மூட்டைக்குக் குத்தூசி, வீட்டுக்கு?

நூறு மூட்டை துவரம் பருப்பு வாங்க மண்டிக்குப் போகிறோம். தரகர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் அவர் சொல்லை மட்டும் நம்பி பில் போடச் சொல்வதில்லை. குத்தூசியை மூட்டையில் செருகி, பருப்பை உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறோம். ஈரம் உண்டா, வண்டு உண்டா, பழைய சரக்கு கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். எடை போட்டுப் பார்த்துத்தான் லாரியில் ஏற்றுகிறோம்.

ஆனால் இருபது, முப்பது வருடக் கடை வருமானத்தைத் திரட்டி வீடு வாங்கப் போகும்போது நம்மவர்களில் பலர் இந்தக் குத்தூசியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். "தெரிந்த தரகர்தான், டாக்குமெண்ட் எல்லாம் கிளியர் என்கிறார்" என்று ஒரே வாரத்தில் முன்பணம் கைமாறி விடுகிறது. சரக்கில் காட்டும் எச்சரிக்கையைச் சொத்தில் காட்டாதது ஏன் என்பதே நம் கேள்வி.

வளரும் ஊர்களில் இந்த அவசரம் இன்னும் அதிகம். ஓசூரை எடுத்துக் கொள்வோம். சிப்காட் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர். 2019-இல் மாநகராட்சி ஆனது. பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். பாகலூர் சாலை, ராயக்கோட்டை சாலை, தளி சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் மனைப்பிரிவுகள். வேலைக்கு வந்த குடும்பங்களை நம்பி அங்கே மளிகைக் கடை வைத்தவர்கள், வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போக நினைப்பது நியாயமான ஆசை.

ஓசூரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அதன் பிறகு மனை விற்பவர் பேச்சில் விமானம் பறக்காத நாளில்லை. அறிவிப்பு வந்த உடனே விலை ஏறிவிடும். வசதி வந்து சேர வருடங்கள் ஆகும். குடியிருக்க வீடு வாங்குகிறவர், குழாயில் இன்றைக்குத் தண்ணீர் வருகிறதா, மழை பெய்தால் தெருவில் தேங்குகிறதா, இரவு பத்து மணிக்குக் கடையடைத்துப் போக வழி எப்படி என்பவற்றுக்குத்தான் விலை கொடுக்க வேண்டும். இன்னும் விதைக்காத மிளகாய்க்கு யாரும் முழு ரொக்கம் கொடுப்பதில்லை.

தரகரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் தொழிலே தரகர்களோடு நடப்பதுதான். எந்தத் தெருவில் என்ன விலை போகிறது, எந்த உரிமையாளருக்குப் பணம் அவசரம், எந்த வீட்டில் அண்ணன் தம்பி தகராறு என்று அறிந்த நல்ல தரகர், வாங்கும் தரகுக்கு மேல் மிச்சப்படுத்திக் கொடுப்பார். ஆனால் அவர் யாருடைய ஆள் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறார். விலைக்குச் சதவீதம் என்றால், விலை ஏற ஏற அவருக்கும் ஏறும். பேரம் முடிந்தால்தான் அவருக்குப் பணம்; முடியாமல் போனால் பெட்ரோல் செலவுதான் மிச்சம். ஆகவே "கொஞ்சம் பொறுங்கள், பத்திரத்தைப் பார்ப்போம்" என்று அவராகச் சொல்வார் என எதிர்பார்ப்பது தவறு. வீட்டைக் காட்டுவது அவர் வேலை. சோதிப்பது நம் வேலை.

எனவே தரகு எவ்வளவு என்பதைத் தொடக்கத்திலேயே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரப்பதிவு நாளில்தான் தருவது என்று முடிவு செய்யுங்கள். உரிமையாளரை நேரில் பார்க்காமல் விலையை முடிக்க வேண்டாம். நடுவில் ஒருவர் மேல்விலை வைத்திருந்தால் அப்போதுதான் வெளிவரும். புதிய மனைப்பிரிவோ அடுக்குமாடியோ என்றால், 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ வரும் திட்டத்தை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை விற்றுத்தரும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நம்மிடம் ஜி.எஸ்.டி. எண் கேட்டால் நாம் கோபித்துக் கொள்கிறோமா?

அடுத்தது பத்திரங்கள். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வரவேண்டும். முப்பது வருடத்துக்காவது வில்லங்கம் பார்க்க வேண்டும். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வில்லங்கமும் பட்டாவும் இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை கடையில் உட்கார்ந்தபடியே எடுத்துத் தந்துவிடும். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான விவரம்தான் வரும். அசல் பத்திரத்தை எங்கோ அடமானமாகக் கொடுத்து, அது பதிவாகாமல் இருந்தால் அதில் தெரியாது. நகலைப் பார்த்துத் திருப்தி அடையாமல் அசலைக் கேளுங்கள்.

மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. விளைநிலத்தைக் கூறுபோட்டு, பஞ்சாயத்து முத்திரையைக் காட்டி விற்ற காலம் ஒன்று இருந்தது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, அவற்றை வாங்கியவர்கள் விற்க வழியின்றித் தவித்தார்கள். 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்த பிறகே, கட்டணம் செலுத்திச் சரிசெய்ய வழி பிறந்தது. அப்படிப்பட்ட மனை என்றால் வரன்முறை ஆணையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் வீட்டுப் பெண்களை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை வந்தது. 2005-இல் நாடு முழுவதும் வந்தது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றால், நாளைக்குத் தங்கையின் வழக்கு வாங்கியவர் வாசலுக்குத்தான் வரும். அதேபோல, உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார், பவர் என்னிடம் இருக்கிறது என்று தரகர் சொன்னால் உரிமையாளரோடு நேரில் பேசுங்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துவிடும். வெறும் பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் பக்கத்து வக்கீல் ஒருவருக்குச் சில ஆயிரம் கொடுத்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்வது செலவல்ல. அது தரகர் அழைத்து வரும் வக்கீலாக இருக்கக் கூடாது.

பணம் கொடுக்கும் விதத்திலும் ஒரு சொல். ரொக்கம் நம் கையில் புழங்குவதால் நம்மிடம் ரொக்கம் கேட்பது எளிது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 முதல் சட்டம். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று கொடுத்தால், பேரம் முறியும் நாளில் அந்தப் பணத்துக்குச் சாட்சி யார்? முன்பணத்தை வங்கி மூலம் கொடுத்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து கொள்வதே பாதுகாப்பு.

கடைசியாக, நமக்கே உரிய ஆபத்து ஒன்று. 40 லட்சத்துக்கு வீடு என்றால் 40 லட்சத்தோடு முடிவதில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 3,60,000 ரூபாய். தரகு ஒரு சதவீதம் என்றாலும் 40,000. ஆக நான்கு லட்சம் தனியாக வேண்டும். இந்தக் கணக்கை முதலில் போடாதவர் அதை எங்கிருந்து எடுப்பார்? தீபாவளிச் சரக்குக்கு வைத்த பணத்திலிருந்து எடுப்பார். மண்டிக்குக் கட்ட வேண்டிய பாக்கியிலிருந்து எடுப்பார். வாடிக்கையாளர் கேட்ட சாமான் இல்லை என்று இரண்டு முறை சொன்னால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சம்பளக்காரருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். நமக்குச் சரக்கு இருந்தால்தான் வருமானம்.

ஆகவே கடை முதலைத் தொடாமல், தவணை கட்டியும் கடை நடக்கும் அளவுக்கு எந்த வீடு கட்டுப்படியாகுமோ அதுவே நமக்குரிய வீடு. அது இரண்டு படுக்கையறைக்குப் பதில் ஒன்றாக இருக்கலாம். பிரதான சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கலாம். கடை நன்றாக நடந்தால் பிறகு பெரிய வீடு வாங்கிக் கொள்ளலாம். கடையை இழந்தால் வீட்டையும் விற்க வேண்டி வரும்.

தரகர் "இன்றைக்கே டோக்கன் போடாவிட்டால் வேறு பார்ட்டி முடித்துவிடும்" என்று சொல்லும்போது, மண்டியில் இதே பேச்சைக் கேட்டு நாம் என்ன செய்வோம் என்பதை நினைத்துக் கொள்வோம். சாம்பிள் காட்டாத சரக்கு எவ்வளவு மலிவானாலும் நமக்கு வேண்டாம். வணிகப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.