அத்திவாரத்துக்கு முன்

வீடு கட்ட எண்ணியவுடன் மனையடி பார்ப்பது நம்மவர் வழக்கம். நாளும் கோளும் பார்ப்போம். வாயில் எத்திசை நோக்க வேண்டும் என்றும் ஆராய்வோம். ஆயின், மேலுள்ள சரிவு எத்தகையது, கீழே ஓடும் ஆறு மாரியில் எவ்வளவு உயரும் என்று எத்தனை பேர் வினவுகின்றோம்? மலையகத்திலே புதிய குடியிருப்புக்கள் பேசப்படும் இந்நாளில், இவ்வினா நம் உயிரோடு ஒட்டியதாகும்.

வீடு வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் காலங்கழித்த மக்களுக்குத் தனி வீடும் 7 பேர்ச்சஸ் காணியும் சலுகையல்ல, உரிமை. 2017 மே மாதம் நோர்வூட்டில் உரையாற்றிய இந்தியப் பிரதமர், முன்னைய 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை அறிவித்தபோது மக்கள் மகிழ்ந்தமை இயல்பே. ஆனால் அவை எந்நிலத்தில் எழும்? நல்ல தேயிலை நிலம் விலைமிக்கது. எனவே செங்குத்துச் சரிவோ ஓடைக்கரையோ வீட்டுக்கென ஒதுக்கப்படக்கூடும் என்ற அச்சம் வீணானதன்று.

சரிவை வெட்டிச் சமதரையாக்கினால் மேல்மண் பிடிப்பை இழக்கின்றது. வடிகாலின்றிக் கூரைநீர் நிலத்துள் இறங்க, மண் கனத்து வழுக்குகின்றது. மழை அதனை அரித்து ஆற்றில் சேர்க்க, அது நீர்த்தேக்கங்களிற் படிகின்றது. கரையோர மலசலகூடக் குழிகளின் கசிவு ஓடையை அடைகின்றது. கீழ்த்தோட்டத்துப் பெண்கள் அந்நீரையே குடத்தில் மொள்கின்றனர்.

இவற்றை முன்கூட்டி ஆராயச் சட்டம் உண்டு. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்கு அடிப்படை. 1993 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி 1,000 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு முன்னனுமதி வேண்டும். ஓடும் வழியில் எங்கேனும் 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் அமைந்தால், சிறிய திட்டத்துக்கும் அது வேண்டும். ஆனால் தோட்டந்தோறும் சிறு தொகுதிகளாக, குறுகிய ஓடைகளின் அருகே எழும் வீடுகளோ இவ்வலைக்குள் அகப்படா. ஓடை சிறிதாயினும் அதை நம்பி வாழ்வோர் பலர் அல்லரோ?

ஆராய்ந்து கொண்டிருந்தால் காரியம் தாமதமாகும் என்பாரும் உளர். அவர்கள் தலவாக்கலையைப் பார்க்கட்டும். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தை 1990களில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் ஏற்க மறுத்தது. பின்னர் 1998 இல் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. 2012 இல் 150 மெகாவாட் மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. ஆற்றோரத்திலிருந்து அகற்றப்பட்ட ஏறத்தாழ 500 குடும்பங்கள் புதிய வீடுகள் பெற்றன. சென் கிளயர் நீர்வீழ்ச்சி பழைய பொலிவை இழந்ததாயினும், பகலில் அதற்கு நீர் விடவேண்டும் என்ற கட்டுப்பாடேனும் உண்டாயிற்று. கேள்வி கேட்டவர்கள் இல்லையேல் அதுவும் கிட்டியிராது.

கேளாதிருந்தால் நேர்வது யாது? 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. அந்நிலம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே இருந்தது. 2025 நவம்பரில் வந்த 'டித்வா' புயலும் மலையகத்தின் சரிவுகளையும் ஆற்றோரங்களையும் ஒருசேரச் சோதித்தது. அத்தகைய அழிவின் பின் வீடுகளை விரைந்து கட்டும் வேகம் எழுவது நியாயமே. எனினும் அவசரத்தில் தேர்ந்த நிலமே அடுத்த மழையின் பலியிடமாகிவிடலாகாது.

ஆகவே, உங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு நிலம் அளக்க வரும்போது பெரியோர்கள் நான்கு கேள்விகள் கேட்பார்களாக. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எங்கே? மழைநீர் எவ்வழி வடியும்? கழிவுநீர் எங்கே போகும்? ஓடைக்கும் வீட்டுக்கும் இடையே மரம் நிற்க எவ்வளவு இடம் விடப்படும்? சட்டப்படி மதிப்பீட்டு அறிக்கை வெளியாகும் இடங்களில், பொதுமக்கள் கருத்துக்கூற 30 நாள் அவகாசம் உண்டு. அறிக்கையை வாசித்துத் தாய் தந்தையர்க்கு விளக்குவது, மாணவ மணிகளே, உங்கள் கடன்.

நூறு அடி மண்ணை நன்கு பார்த்தபின் வைக்கும் முதற்கல்லே நிலைக்கும். நம் மக்கள் நெடுங்காலம் காத்திருந்து பெறும் வீடு, ஒரு மாரிக்கு மட்டும் நிற்கும் வீடாக இருத்தல் தகாது.