கேம்பஸ்ல செலக்ட் ஆகியாச்சு... வேலை உறுதியா? தேனி மாணவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

"பையன் கேம்பஸ்ல செலக்ட் ஆகிட்டான்!" போடியிலோ கம்பத்திலோ ஒரு வீட்டுக்கு இந்தச் செய்தி வந்தால், கல்விக் கடனை அடைச்சிடலாம் என்ற நிம்மதியும் சேர்ந்தே வரும். ஆனால் ஆஃபர் லெட்டர் வருவது வேறு, வேலையில் சேர்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் இப்போது சிக்கல்.

இன்டர்வியூவில் என்ன பார்ப்பார்கள்?

பெரிய ஐ.டி. நிறுவனங்களில் முதலில் ஆன்லைன் தேர்வு. கணக்கு, லாஜிக், ஆங்கிலம், கோடிங் இருக்கும். டிசிஎஸ் நடத்தும் என்.க்யூ.டி. தேர்வில் செயல்பாட்டைப் பொறுத்து நிஞ்சா, டிஜிட்டல், பிரைம் எனப் பிரிப்பார்கள். சம்பளமும் அதற்கேற்ப மாறும். பிறகு டெக்னிக்கல், ஹெச்.ஆர். சுற்றுகள். தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள ஸோஹோ, டிகிரியைவிட புரோகிராம் எழுதும் திறனுக்கே முக்கியத்துவம் தருகிறது.

செலக்ட் ஆன பிறகு என்ன பிரச்னை?

இன்ஃபோசிஸில் 2022-ல் ஆஃபர் வாங்கிய பலர், சுமார் 2 ஆண்டுகள் காத்திருந்து 2024-ல்தான் சேர்ந்தனர். அப்படிச் சேர்ந்தவர்கள் உட்பட 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் 2025 பிப்ரவரியில் மைசூரு மையத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். 3 வாய்ப்பு கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்றது நிறுவனம். 2025 ஜூலையில் டிசிஎஸ், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இதில் பாதிப்பு அதிகம் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்களுக்கு.

ஏன் இப்படி?

வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து புராஜெக்ட் வரும் என்ற கணக்கில்தான் முன்கூட்டியே ஆள் எடுக்கிறார்கள். புராஜெக்ட் தள்ளிப்போனால், புதிதாகச் சேர வேண்டியவர்கள் காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் 'பெஞ்ச்'சில் உட்கார வேண்டும்.

கடன் தவணை காத்திருக்குமா?

காத்திருக்காது. கல்விக் கடனில் பொதுவாக, படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். பணியில் சேர 2 ஆண்டு ஆனால், முதல் சம்பளத்துக்கு முன்பே ஓராண்டுத் தவணையைத் திராட்சைத் தோட்டமோ ஏலக்காய்க் கூலியோதான் கட்டியாக வேண்டும்.

சட்டத்தில் பாதுகாப்பு உண்டா?

ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்தியது. சட்டப்படி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர் ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஆட்குறைப்பின்போது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என இழப்பீடு உண்டு. ஆனால் 'ராஜினாமா எழுதிக் கொடு' என்று கேட்டு, கொடுத்துவிட்டால் தானாக விலகியதாகவே பதிவாகும்.

என்ன செய்யலாம்?

ஆஃபரை நம்பிப் புதுக் கடன் வாங்க வேண்டாம். சேரும் தேதி, பயிற்சித் தேர்வு விதி, பாண்டு நிபந்தனை ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர தாமதமானால் வங்கியிடம் முன்கூட்டியே பேசுங்கள். காத்திருக்கும் காலத்தில் கோடிங் பயிற்சியை விடாதீர்கள். தேனி சாலையில் மதுரை வடபழஞ்சியில் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. அங்குள்ள சிறிய நிறுவனங்களுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். முதல் சம்பளம் அக்கவுன்ட்டில் ஏறும் வரை தேடலை நிறுத்தாதீர்கள்.