மேஸ்திரியோடு நின்றுவிடும் பொறுப்பு

கட்டடம் எழும்பும் இடத்தில் மின்சாரம் உயிரைப் பறிக்கும் வழிகள் மிகச் சிலவே. அவை அனைத்தும் முன்கூட்டியே அறியப்பட்டவை, தடுக்கக்கூடியவை. இரண்டாம் தளத்தில் நிமிர்த்தப்படும் முறுக்குக் கம்பி அருகில் செல்லும் 11,000 வோல்ட் மின்பாதையைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, மிக நெருங்கினாலே மின்பொறி தாவிவிடும். தரைத்தளத்திலோ, உறை கிழிந்த இடத்தில் டேப் சுற்றிய ஒயர் ஈரத்தில் கிடக்க, கான்கிரீட்டை அதிரச் செய்து இறுக்கும் வைப்ரேட்டரை ஒருவர் வெறுங்காலுடன் பிடித்துக்கொண்டிருப்பார். கலவை இயந்திரத்தின் இரும்புக் கூட்டுக்கு எர்த் இணைப்பே இருக்காது. பாதுகாப்புக்கு எம்.சி.பி. இருக்கிறதே என்று பலரும் நம்புகின்றனர். அது பல ஆம்பியர் மின்னோட்டம் மிகுந்தால் மட்டுமே இணைப்பைத் துண்டிப்பது, ஒயரையும் கருவியையும் காப்பதற்கானது. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க ஏறத்தாழ 50 மில்லியாம்பியர் ஓரிரு நொடிகள் பாய்ந்தால் போதும் என்பதால், மனிதரைக் காப்பது 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. என்ற கருவிதான், கட்டுமானத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒரு பொருட்டே அல்ல.

எனினும் விபத்து நேர்ந்தவுடன் முதலில் கேட்கப்படுவது இறந்தவரின் கவனக்குறைவைப் பற்றியே. சட்டத்தின் நிலைப்பாடு இதற்கு நேர்மாறானது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படைகளை ஏற்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு, வேலை கொடுத்தவர் தவறு செய்தாரா என்று ஆராயாமலே அவரைப் பொறுப்பாக்குகிறது. தொழிலாளி மது அருந்தியிருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் என்பன போன்ற வாதங்கள் பிற காயங்களுக்கு எடுபடலாமே தவிர, மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் இழப்பீட்டை மறுக்க உதவா. இந்த ஒரு செய்தி தெரியாததாலேயே எத்தனையோ குடும்பங்கள் பேரம் பேசி முடிக்கப்பட்ட சொற்பத் தொகையுடன் பிணத்தைப் பெற்றுச் செல்கின்றன. 2020 ஜனவரியில் நிர்ணயிக்கப்பட்ட 15,000 ரூபாய் மாத ஊதிய வரம்பின்படி, அந்த வரம்பு அளவோ அதற்கு மேலோ ஊதியம் பெற்ற 30 வயதுத் தொழிலாளியின் மரணத்துக்கு, ஊதியத்தில் பாதியான 7,500 ரூபாயை அவ்வயதுக்குரிய 207.98 என்ற காரணியால் பெருக்கினால் வரும் இழப்பீடு 15,59,850 ரூபாய். கையெழுத்து வாங்கிக்கொண்டு இந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் செய்யும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது.

மின்வாரியத்தின் கம்பியே காரணமாகும்போது நிலைமை இன்னும் தெளிவானது. மழையில் சாலையில் கிடந்த மின்கம்பியால் ஒருவர் இறந்த வழக்கில் 2002ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஆபத்தான பொருளைக் கையாளும் அமைப்பு தன் பக்கம் கவனக்குறைவு இல்லை என்று காட்டித் தப்ப முடியாது என்ற கடும்பொறுப்புக் கோட்பாட்டை மின்வாரியத்துக்குப் பொருத்தியது. குற்றவியல் பொறுப்பு இவற்றிலிருந்து வேறானது: அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

இவ்வளவு இருந்தும் உண்மையான ஓட்டை ஒன்று அடைபடாமல் நீடிக்கிறது. ஒப்பந்ததாரரிடம் வேலை செய்தவருக்கு அந்த ஒப்பந்ததாரரை அமர்த்திய முதன்மை நிறுவனமே முதலில் இழப்பீடு கொடுத்துவிட்டுப் பின்னர் ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது நல்ல விதி. ஆனால் அது, தன் தொழில் அல்லது வணிகத்தின் பொருட்டு வேலையை ஒப்படைத்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் நிறுவனம் இதில் சிக்கும். சொந்த வீட்டை மேஸ்திரியிடம் ஒப்படைத்த உரிமையாளர் சிக்கமாட்டார். அங்கே சட்டத்தின் கண்ணில் வேலை கொடுத்தவர் மேஸ்திரி. நேற்றுவரை கொத்தனாராக இருந்த அவரிடம் 15 லட்சம் ரூபாய்க்கு எங்கே போவது? கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் 1996இல் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொந்த வீட்டுப் பணிகளை விலக்கி வைத்திருந்தது. புதிய தொகுப்புச் சட்டங்கள் அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியுள்ளன. பாதுகாப்பு அதிகாரியோ பயிற்சி பெற்ற மின்பணியாளரோ இல்லாத சிறு மனைகள்தாம் இந்த விலக்கின் கீழ் வருகின்றன என்பது மிகுந்த கவலைக்குரியது. இந்த விலக்கு தவறானது.

கட்டட வரைபட அனுமதியின்போதே தமிழகத்தில் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு தொழிலாளர் நல நிதியாக வசூலிக்கப்படுகிறது. அதே மேசையில், அந்த மனையில் வேலை செய்யும் அனைவருக்குமான விபத்துக் காப்பீட்டு ஆவணத்தையும் கேட்பதில் நிர்வாகத்துக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஆர்.சி.சி.பி.யும் முறையான எர்த்தும் பொருத்தப்பட்டதை நேரில் பார்க்காமல் தற்காலிக மின் இணைப்பு தரக்கூடாது. 11,000 வோல்ட் பாதையிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டரும் செங்குத்தாக 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்ற விதியை, கட்டடம் எழும்பிய பிறகு அல்லாமல் வரைபடத்திலேயே சரிபார்க்க வேண்டும்.

வீடு கட்டத் தொடங்கும் ஒவ்வொருவரும் அரசாணைக்காகக் காத்திராமல் இம்மூன்றையும் தாமே செய்யலாம். விபத்தில் உறவை இழந்த குடும்பங்கள், எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன், தொழிலாளர் இழப்பீட்டுக்கான உரிய அதிகாரியை அணுக வேண்டும். புலம்பெயர்ந்து வந்து இறந்த தொழிலாளியின், பீகாரிலோ ஒடிசாவிலோ வாழும் குடும்பமும் தன் சொந்த ஊரிலிருந்தே இந்த உரிமையைக் கோரலாம்.