வயசான வண்டிய உடைக்கச் சொல்ற மாப்பிள்ளைக்கு

காணும் பொங்கலுக்கு என் தங்கச்சி மருமகன் சென்னையிலேர்ந்து குடும்பத்தோட வந்திருந்தாரு. கழனியப் பாக்கணும்னு பிள்ளைங்க கேட்டுச்சுங்க. அவரோட புது எஸ்யூவி, கூரை முழுக்கக் கண்ணாடி போட்டது, ஏரிக்கரை வரைக்கும் வந்து நின்னுடுச்சு. அதுக்கு மேல சேறு. எல்லாரையும் என் வண்டியில ஏத்திக்கிட்டு உள்ள போனேன். பாதி வழியில மாப்பிள்ளை சொல்றாரு: "மாமா, இந்தப் பழைய டீசல் வண்டிய ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க. சீரகச் சம்பா, பஞ்சகவ்யம்னு எழுதுறீங்க. இந்தப் புகைய விட்டுக்கிட்டுத் திரியறீங்களே, படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

என் வண்டியில உக்காந்துகிட்டேதான் சொன்னாரு. பிள்ளைங்க எதிர்ல எதுக்குன்னு சிரிச்சு வச்சேன். இந்தக் கேள்விய அவர் மட்டும் கேக்கல. பட்டணத்துலேர்ந்து வர்ற பாதிப் பேரு கேக்குறாங்க. மீதிப் பேரு "விவசாயிக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய காரு"ன்னு கேக்குறாங்க. ரெண்டுக்கும் சேத்து இங்க பதில் எழுதிடுறேன்.

வண்டி 2009 டாடா சஃபாரி, 2.2 லிட்டர் டைகோர், டர்போ, ஃபோர் பை ஃபோர். 2017ல அடையாறுல ரிட்டயர் ஆன ஒரு டாக்டர்கிட்ட வாங்கினேன். 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. மூணு லட்சத்துப் பத்தாயிரம் கொடுத்தேன். ஒத்தக் கறவை மாட்டையும், வீட்டம்மாவோட ரெண்டு வளையலையும் வித்துதான். என்ஓசி வாங்கி, இங்க வரி கட்டி, பிஒய் நம்பர் போட ரெண்டு மாசம் அலைஞ்சேன். அந்த டாக்டர் எட்டு வருசத்துல ஒரு நாள்கூட ஃபோர் வீல் போட்டதில்லையாம். அவரே சொன்னாரு. அந்தத் திருகு பளபளன்னு புதுசா இருந்துச்சு.

வீடு உழவர்கரை. பேருலயே உழவர் இருக்கு, இப்ப ஏரோட்டுறவங்களத் தேடித்தான் புடிக்கணும். ரெட்டியார்பாளையம், மூலக்குளம் எல்லாம் மாடி வீடாப் போச்சு. எனக்கு இருக்கிற ரெண்டரை ஏக்கரு ஊசுட்டேரிக்கு மேற்கால இருக்கு, வீட்லேர்ந்து ஒரு எட்டு கிலோமீட்டர். ஏரிக்கரையில எறங்கினா முக்கால் கிலோமீட்டர் களிமண் வண்டிப்பாட்டை. ஐப்பசி பொறந்தா தை வரைக்கும் அது பாதையே இல்ல. பைக்ல பால் கேனைக் கட்டிக்கிட்டுப் போய் மூணு தடவ விழுந்தேன். மூணாவது தடவ மணிக்கட்டு முறிஞ்சுது. வாடகைக் குட்டியானைக்காரர் கரையிலயே நின்னுக்குவாரு, அங்கேர்ந்து மூட்டையத் தலையில தூக்கிட்டு வரணும். டிராக்டர் சொன்னா ஒரு நடைக்குக் கேக்குற கூலி, அந்த நடையில வர்ற காய்க்கே கட்டாது.

இந்த வண்டி அதையெல்லாம் செய்யுது. சீட்ட மடக்கினா ஆறு மூட்டை நெல்லு. ஞாயித்துக்கிழமை கழுவிட்டு, அதுலயே குடும்பம் கோயிலுக்குப் போவும். இப்படி ஒரே வண்டி சரக்கும் ஏத்தும் ஜனமும் ஏத்தும்ங்கறது புதுசு இல்ல. ஜப்பான்ல மலைப்பக்கம் பனியில லைன் பாக்குற மின்சாரக் கம்பெனிக்காரங்க கேட்டதுலேர்ந்துதான், சுபாருக்காரன் 1972ல நாலு சக்கரமும் இழுக்குற எஸ்டேட் காரை விக்க ஆரம்பிச்சான். நம்ம ஊர்லயும் 1992ல டாடா எஸ்டேட்னு ஒண்ணு வந்துச்சு. பின்னாடி டிக்கி தனியா நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் காருன்னு நம்மாளுங்க ஒத்துக்குவாங்க, அதனால அது ரொம்ப நாள் நிக்கல.

டர்போன்னா வேகமாப் போறதுக்குன்னு நினைக்கிறாங்க. வெளிய போற புகையோட வேகத்துலயே ஒரு காத்தாடி சுத்தி, இன்ஜினுக்குள்ள அதிகக் காத்த அமுக்கி விடுது, அவ்ளோதான் டர்போ. என் வண்டியில 1,700 சுத்துக்கு மேலதான் அந்த இழுவை வரும். அதுக்குக் கீழ ரெண்டு டன் எடையும் சோம்பேறி மாடு மாதிரி நிக்கும். சேத்துல இதுதான் ஆபத்து. மெதுவாப் போனா இழுக்காது, மிதிச்சா திடீர்னு இழுத்துச் சக்கரம் வழுக்கிப் பள்ளம் தோண்டிடும். அதுக்குத்தான் ஃபோர் லோ. அதைப் போட்டா இன்ஜின் வேகமாச் சுத்தும், சக்கரம் நடக்குற வேகத்துல உருளும். கிளட்ச்ச விட்டுட்டு ஆக்சிலேட்டரத் தொடாம ஏறி வந்திருக்கேன். தார் ரோட்டுல மட்டும் அதைப் போடவே கூடாது. முன்னும் பின்னும் ஒண்ணாப் பூட்டிக்கிட்டு இருக்கறதால, வளையும்போது பல்சக்கரமெல்லாம் முறுக்கிக்கும்.

ஒரு தடவ டர்போ போச்சு. தப்பு முழுக்க என்னுது. அந்தக் காத்தாடி நிமிசத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துறது, அதுக்கு உயிரே ஆயில்தான். நான் நெல்லு அறுப்பு மும்முரத்துல 4,000 கிலோமீட்டர் தள்ளி ஆயில் மாத்தினேன். போதாததுக்கு வேகமா வந்து டக்குனு சாவியத் திருப்பி நிறுத்துற பழக்கம் வேற. பேரிங் தேஞ்சு, ஆயிலைக் குடிச்சு நீலப் புகையாத் தள்ளிச்சு. ரீகண்டிஷன் பண்ண 19,000 ரூபா. அந்த வருசம் மல்லாட்டையில மிஞ்சினது அதுல போச்சு. இப்ப நிறுத்தறதுக்கு முன்ன ஒரு நிமிசம் சும்மா ஓட விட்டுட்டுத்தான் எறங்குறேன். அந்த நேரத்துல வெத்தலை போட்டுக்கலாம்.

இப்ப வயசுக் கணக்குக்கு வர்றேன். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருசம். அப்புறம் பரிசோதனை காட்டி அஞ்சஞ்சு வருசமாப் புதுப்பிக்கணும். 600 ரூபாயா இருந்த கட்டணத்த 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ஆக்கினாங்க. 2025 ஆகஸ்ட்ல, 20 வருசம் தாண்டினா 10,000ன்னு ஏத்தினாங்க. நான் 2024ல 5,000 கட்டிப் புதுப்பிச்சேன். வலிச்சுது, ஆனா வண்டிய ஓட்டிப் பாத்து, பிரேக்கப் பாத்து, புகைய அளந்து கொடுத்தாங்க. அதுல எனக்குச் சண்டை இல்ல. புகை தாண்டினா ஓட்டாதேன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்.

டெல்லியில நடந்தது வேற. டீசல் வண்டிக்குப் பத்து வருசம்தான்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிச்சு, 2018ல உச்ச நீதிமன்றம் அதையே உறுதி பண்ணிச்சு. 2025 ஆகஸ்ட்ல, வயசை மட்டும் காட்டி நடவடிக்கை எடுக்காதீங்கன்னு அதே கோர்ட்டு சொன்னப்ப எனக்கு மூச்சு வந்துச்சு. டிசம்பர்ல அதை மாத்தி, பிஎஸ்-4ம் அதுக்கு மேலயும் இருக்கறதுக்குத்தான் அந்தப் பாதுகாப்புன்னுட்டாங்க. என்னுது பிஎஸ்-3. அது டெல்லிக்குத்தானேன்னு நீங்க சொல்லலாம். டெல்லியில போட்ட சட்டம் தெற்க வர எத்தனை வருசம் ஆவும்னு பாத்தவன் நான்.

பிஎஸ்-6 வண்டிய விட என் வண்டி பல மடங்கு கரித்தூள் விடும். அத மறைக்க மாட்டேன். லட்சக்கணக்குல வண்டி நெருக்கிக்கிட்டு நிக்கிற டெல்லியில அது பெரிய விசயம்தான். ஆனா நான் வருசத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுறேன், லிட்டருக்குப் பத்து, ஆக 600 லிட்டர். மாப்பிள்ளை ஓஎம்ஆர்ல ஒத்த ஆளா ஆபீசுக்குப் போய் வந்து வருசத்துக்கு 18,000 ஓட்டுறாரு, லிட்டருக்குப் பன்னெண்டுதான் குடுக்குது, ஆக 1,500 லிட்டர். அஞ்சு வருசத்துக்கு ஒரு புது வண்டி வேற. அந்த இரும்பும் கண்ணாடியும் புகையில்லாமலா உருகுது? இத வித்துட்டு நான் என்ன வாங்குறதுன்னும் சொல்லிட்டுப் போவணும். ஸ்கிராப்புக்குப் போட்டா புது வண்டி விலையில நூத்துக்கு நாலுலேர்ந்து ஆறு ரூபா. அதுல நாலு டயர்கூட நல்லதா வராது. 2021ல வந்த புது சஃபாரி முன்சக்கரம் மட்டும் இழுக்குறது, நாலு சக்கரம் அதுல கெடையவே கெடையாது. ஏன்னா வாங்குறவங்க யாரும் கேக்கல. சனி ஞாயிறானா ஈசிஆர்ல வரிசையா வந்து வெள்ளை நகரத் தெருவுல நிக்கிற உசரமான வண்டிங்களைப் பாருங்க. சக்கரத்துல மண்ணு ஒட்டியிருக்கான்னு பாருங்க.

புதுச்சேரிப் பேர்ல ஓடுற வண்டிக் கதை ஒண்ணு இருக்கு. 2017ல கேரளாவுல பெரிய பிரச்சினை ஆச்சு. கோடி ரூபா வண்டிங்கள, அங்க வரி அதிகம்னு இங்க ஏதோ விலாசம் காட்டி பிஒய் நம்பர்ல பதிஞ்சிருந்தாங்க. இந்த ஊரு மண்ணையே மிதிக்காத வண்டிக்கு எங்க நம்பர். தினம் அந்த மண்ணுல கெடக்குற வண்டிக்கு வயசாயிடுச்சாம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம பக்கம் கரை ஏறிச்சு. ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல மழை. வீடூர் அணைத் தண்ணி சேந்து சங்கராபரணி பொங்கி ஓடிச்சு. மறுநாள் காலையில கழனிப் பக்கத்துக் குடிசையிலேர்ந்து போன். அந்த வீட்டுப் பெரியம்மாவுக்கு மூச்சு இழுக்குது, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோட நிக்குது. மகன முன்னாடி கம்போட நடக்க விட்டு, தண்ணி அவன் முழங்கால் தாண்டலன்னு பாத்துப் பாத்து ஃபோர் லோவுல போனேன். இடுப்புன்னா போயிருக்க மாட்டேன், வண்டி மெதந்துடும், இன்ஜின் தண்ணிய இழுத்தா அதோட சரி. கோரிமேடு ஜிப்மர்ல கொண்டு போய்ச் சேத்தேன். இந்தப் பொங்கலுக்கு மாப்பிள்ளை பிள்ளைங்களுக்குக் கரும்பு ஒடிச்சுக் கொடுத்தது அந்தப் பெரியம்மாதான்.

மாப்பிள்ளை, இதப் படிச்சா கோவப்படாதீங்க. அடுத்த தடவ வர்றப்ப ஏரிக்கரையோட நிறுத்துங்க, நானே வந்து கூட்டிக்கிறேன். நாளைக்கு ஆறு மூட்டை நெல்லு தட்டாஞ்சாவடி கமிட்டிக்குப் போவணும். பேட்டரி டெர்மினல்ல உப்புப் பூத்திருக்கு, விடியறதுக்குள்ள சுடுதண்ணி ஊத்தித் தேய்க்கணும்.