சுற்றுலா யாரை வாழவைத்தது?

சென்ற மாதம் கோவையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. சுற்றுலா வளர்ச்சியும் அதன் பொருளாதார, சமூக நன்மைகளும் என்பது தலைப்பு. ஆய்வுக்களம் எங்கள் நீலகிரி என்று அழைப்பிதழில் இருந்ததால் மலையிறங்கிப் போனேன். காலை முதல் மாலை வரை வாசித்த கட்டுரைகள் அத்தனையும் ஒரே முடிவைச் சொல்லின: சுற்றுலா வேலை தருகிறது, வருமானம் தருகிறது, பண்பாட்டைக் காக்கிறது, மலைமக்களை வாழவைக்கிறது. நிறைவுரை ஆற்றியவர் இன்னும் ஒரு படி மேலே போய், சுற்றுலா இல்லாவிட்டால் நீலகிரியே இல்லை என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்பது மலையில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். சீசன் நேரத்தில் மாணவர்கள் வருகிறார்கள். தாவரவியல் பூங்கா வாசலிலும் படகு இல்லத்திலும் நின்று வினாத்தாள் கொடுக்கிறார்கள். லாட்ஜ் உரிமையாளரும் சாக்லேட் கடைக்காரரும் டாக்சி ஓட்டுநரும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துத் தருகிறார்கள். அதற்குச் சதவீதம் போட்டு, நான்கு அட்டவணை சேர்த்து, பட்டம் வாங்கிவிடுகிறார்கள். சுற்றுலாவில் சம்பாதிப்பவரிடம் சுற்றுலா நல்லதா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை பறிக்கும் பெண்ணிடமோ, குந்தாவில் கேரட் போடும் விவசாயியிடமோ வினாத்தாளை நீட்டிய ஓர் ஆய்வேட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆகவே நானே ஒரு கணக்கைத் தருகிறேன். அரசாங்கம் எடுத்த கணக்கு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் இருந்தவர்கள் 7,62,141 பேர். 2011-இல் இருந்தவர்கள் 7,35,394 பேர். பத்தாண்டுகளில் சுமார் 27 ஆயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள். அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 15 சதவீதத்துக்கும் மேல் கூடியது. மாநிலத்திலேயே மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் நீலகிரிதான். சுற்றுலா மக்களை வாழவைக்கும் என்றால், தமிழ்நாட்டின் புகழ்பெற்ற சுற்றுலா மாவட்டத்திலிருந்து மக்கள் ஏன் வெளியேறினார்கள்?

அந்தப் பத்தாண்டில் சுற்றுலாவுக்கு எந்தக் குறையும் வரவில்லை. 2005-இல்தான் எங்கள் மலை ரயிலுக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. பயணிகளும் காட்டேஜ்களும் பெருகிக்கொண்டே இருந்த காலத்தில்தான் எங்கள் ஹட்டிகளில், அதாவது மலைக் கிராமங்களில், வீடுகள் பூட்டப்பட்டன. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோவைப் பட்டறைக்கும் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். சுற்றுலா தரும் வேலை என்று இந்த ஆய்வாளர்கள் பட்டியலிடுவது ஏப்ரல், மே மாதங்களில் அறை கூட்டுவதும், வண்டி நிறுத்த வழிகாட்டுவதும், சோளம் சுட்டு விற்பதும்தான். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. நிலத்தையும் காட்டேஜையும் வைத்திருப்பவர்களில் பலர் கீழேயிருந்து வந்த முதலாளிகள். லாபம் அவர்களோடு மலையிறங்கிவிடுகிறது. வருமானம் எவ்வளவு என்று எண்ணும் ஆய்வுகள், அது யாரிடம் தங்குகிறது என்று எண்ணுவதே இல்லை.

வாகனங்களைப் பற்றியும் பேசவேண்டும். நாளொன்றுக்கு 20 ஆயிரம் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைவதாகச் சொன்ன அரசுத் தரப்புப் புள்ளிவிவரத்தைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றமே அதிர்ந்தது. 2024 மே மாதம் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல், வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பு கட்டியது. உடனே வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். மலையின் மூச்சு திணறுகிறது என்று நீதிபதிகளுக்குப் புரிந்தது, மலையிலேயே கடை வைத்திருப்பவர்களுக்குப் புரியவில்லை.

சீசனில் ஊட்டியில் நான்கு நாள் இருந்து பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். பக்கத்து ஊருக்குப் போகவேண்டிய நாங்கள் மலையைச் சுற்றவேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் பேருந்து நிற்கும். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை ஏற்றிய ஆம்புலன்ஸும் நிற்கும். எங்கள் குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அதே தெருவின் காட்டேஜில் நாள் முழுக்க வெந்நீர் ஓடும். இதைச் சமூக நன்மை என்று எந்த அளவுகோலை வைத்து எழுதுகிறார்கள்?

பிரிட்டிஷ் ஆட்சியர் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல்வீடு கட்டி 200 ஆண்டுகள் ஆகின்றன. அன்று தொட்டு இது ஓய்வுக்கு வருவோரின் ஊர். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டதோ 2025-இல்தான். அதுவரை நெஞ்சுவலி வந்தவரைக் கோவைக்குத்தான் கொண்டு ஓடினோம். வழியிலேயே உயிர்விட்டவர்களை எந்த ஆய்வேட்டின் எந்த அட்டவணையில் சேர்ப்பது?

காட்டுக்கு நேர்ந்ததும் இதேதான். சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகளைக் கட்டி யானையின் பாதையை மறித்தார்கள். அவற்றை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்றே மாதத்தில், 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு ரிசார்ட்டுப் பக்கம் வந்த யானை மேல் எரியும் பொருளை வீசிக் கொன்றார்கள். பண்பாடு காக்கப்படுகிறது என்பவர்கள் தோடர் பழங்குடிகளின் குடியிருப்பான மந்துக்குப் போய்ப் பார்க்கட்டும். கோவில் முன்னால் அனுமதி கேட்காமல் நின்று செல்ஃபி எடுப்பவர்களைத்தான் அங்கே காணமுடியும்.

மலைக்குத் தொழிலே இல்லாமல் போனது எப்படி என்பதையும் கேட்கவேண்டும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாதச் சம்பளத்தில் கௌரவமாக வாழ்ந்தன. அதைக் காப்பாற்ற வழி காணாமல் மூடினார்கள். பச்சைத் தேயிலைக்கு உற்பத்திச் செலவாவது கிடைக்கும் விலை வேண்டும் என்று சிறு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள், கேட்க ஆளில்லை. தொழிற்சாலையை மூடு, தேயிலையைக் கைவிடு, பிறகு சுற்றுலாதான் உன் வாழ்வு என்று சொல். இதற்கு ஆதாரம் தேடித்தர ஓர் ஆய்வுத்துறை! கட்டுபடியாகாத தேயிலைத் தோட்டத்தை விவசாயி விற்கிறார், அதில் காட்டேஜ் எழுகிறது. அதே வீட்டுப் பிள்ளை அங்கே காவலாளியாக நிற்கிறான். இதற்குப் பெயர் வேலைவாய்ப்பு அல்ல, நிலம் பறிபோன கதை.

2009 நவம்பரில் இதே மலையில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மலையில் இன்னும் எத்தனை கட்டடம் தாங்கும் என்று கேட்காமல், இன்னும் எத்தனை பயணிகளை வரவழைக்கலாம் என்று கேட்பது ஆய்வல்ல, அது விளம்பரம்.

ஆய்வு மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது பூங்கா வாசலில் நிற்காதீர்கள். ஹட்டிகளுக்கும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் வாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணுங்கள். போனவர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று எழுதுங்கள். அதுவரை, குறைந்துபோன அந்த 27 ஆயிரம் பேருக்கு விளக்கம் சொல்லாத எந்த ஆய்வேட்டையும் நீலகிரி மக்களின் பெயரால் யாரும் மேடையில் வாசிக்கக் கூடாது.