பாடுங்கள், பெயரையும் சொல்லுங்கள்

கவர் பாடல்கள் எனக்குப் பிடிக்கும். நாலு பேர் வாயில் புகுந்து வந்தால்தான் அது மக்கள் பாட்டு. கீழவாஞ்சூரில் ஒரு கல்யாணத்தில் கச்சேரிக் குழு 'எஞ்சாயி எஞ்சாமி' பாடினால் நானும் கூடச் சேர்ந்து பாடுவேன். என் கேள்வி பாடுவது பற்றியல்ல, பெயர் பற்றி.

2021 மார்ச்சில் வெளிவந்த அந்தப் பாட்டை எழுதியவர் அறிவு. தீயோடு சேர்ந்து பாடியவரும் அவரே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அந்தப் பாட்டை எடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். தீயின் 'எஞ்சாயி எஞ்சாமி', ஷானின் 'நீயே ஒளி' இரண்டுக்கும் வரி எழுதிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார், பலர் கேட்டார்கள். பிறகுதான் அறிவின் படம் போட்ட டிஜிட்டல் அட்டை வந்தது.

"மறந்துவிட்டார்கள்" என்று சமாதானம் சொல்கிறார்கள். மறதிக்குக்கூட இங்கே சாதி தெரிகிறது. நெல் அறுத்தவர் பெயர் பட்டாவில் இருக்காது; டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. அதே கணக்கைப் பாட்டிலும் போடுகிறார்கள்.

பெயர் சொல்வது யாரும் போடும் பிச்சையல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி, உரிமையை விற்றுவிட்டாலும் 'எழுதியவன் நான்' என்று கோரும் உரிமை படைப்பாளியிடமே இருக்கிறது.

இது நம் மேடைகளுக்கும் பொருந்தும். கூட்டம் சேர்க்கத் தோழர்களின் பாட்டைப் பாடுகிறோம். எழுதியவர் யாரென்று எத்தனை முறை சொல்கிறோம்? பாட்டைத் தொடங்குமுன் அந்தப் பெயரைச் சொல்ல ஐந்து விநாடி போதும்.