தூவியும் உறையும்: விலைச்சீட்டு சொல்லாத கணக்கு

டிசம்பர் பிறந்ததும் தில்லியின் ஆய்வு மாணவர் விடுதிகளில் ஆண்டுதோறும் எழும் கேள்வி, எந்த ரஜாயை வாங்குவது என்பதாகும். விடுதி அறைகள் பெரும்பாலும் வெப்பமூட்டப்படுவதில்லை. இரவு வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் நாள்களும் உண்டு. உதவித்தொகையை எண்ணிச் செலவிடும் மாணவரின் முன் இணையச் சந்தை இரண்டு எண்களை வைக்கிறது. ஒன்று, உறைத்துணியின் த்ரெட் கவுன்ட். மற்றது, தூவியின் ஃபில் பவர். எண் கூடினால் தரமும் கூடும் என்பது அதன் உட்கிடை. அது பிழையானது. உறையும் நிரப்பியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, இரண்டும் அவ்வூரின் காற்றுக்குப் பொருந்துகின்றனவா என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

தூவி தமிழுக்குப் புதிய பொருளன்று. நெடுநல்வாடை காட்டும் அரசியின் கட்டிலில் அன்னத்தூவி அணை இருக்கிறது. இன்று விற்கப்படும் தூவி, வாத்தினப் பறவைகளின் மார்பிலும் வயிற்றிலும் புற இறகுகளுக்கு அடியில் வளரும் மென்மையான பிசிர். அது தானாக வெப்பம் தருவதில்லை. காற்றை அசையாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. ஃபில் பவர் என்பது ஓர் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 28 கிராம் தூவி, எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்னும் அளவு. 800 எனக் குறிக்கப்பட்ட தூவி, 600 எனக் குறிக்கப்பட்டதைவிடக் குறைந்த எடையில் அதே கதகதப்பைத் தரும். ஆனால் போர்வைக்குள் எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. எடையைக் கேளாமல் ஃபில் பவரை மட்டும் ஒப்பிடுவது பொருளற்ற செயல்.

உறையின் கணக்கும் இத்தகையதே. நெசவு தளர்ந்திருந்தால் தூவி கசியும். துணி கனத்திருந்தால் அதன் சுமையே தூவியை நசுக்கி, காற்று தங்கும் இடத்தைக் குறைத்துவிடும். வேண்டுவது மெல்லிய நூலால் நெருக்கமாக நெய்யப்பட்ட பருத்தி. பல புரிகள் கொண்ட நூலைப் புரிபுரியாக எண்ணி ‘1000’ என்று அச்சிடும் வணிக வழக்கம் உண்டு. அந்த எண் பெரிதாயினும் துணி கனமாகவே இருக்கும். தையலையும் நோக்க வேண்டும். மேல்துணியும் கீழ்த்துணியும் ஒட்டித் தைக்கப்பட்ட கோடுகளில் நிரப்பி இராது. குளிர் அவ்வழியே நுழையும். உள்ளே துணிச்சுவர் எழுப்பிக் கட்டங்களாகப் பிரித்த போர்வையில் இக்குறை குறைவு.

இனி ஊரின் காற்று. லே போன்ற வறண்ட கடுங்குளிரில் தூவிக்கு நிகரான நிரப்பி அரிது. கங்கைச் சமவெளியின் குளிரோ மூடுபனியோடு வருவது. ஈரம் ஏறினால் தூவி படிந்து, உப்பும் தன்மையை இழக்கும். வெயில் முகம் காட்டாத நாள்களில், மூடிய விடுதி அறையில் அது எளிதில் உலராது. பாலியெஸ்டர் இழை ஈரத்தை அதிகம் ஏற்பதில்லை, விலையும் குறைவு, துவைக்கவும் எளிது. ஆனால் அதன் சுருள் ஒருமுறை தளர்ந்து கட்டிதட்டினால் மீட்க வழியில்லை.

இந்த இடத்தில்தான் பழைய பஞ்சு ரஜாய் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது. பஞ்சும் ஈரம் ஏற்கும், அமுங்கும். ஆனால் வெயிலில் விரித்தால் உலரும், பிரித்துக் கொட்டினால் மீண்டும் உப்பும். வடநாட்டில் துனியா என்றும் தமிழில் பஞ்சுகொட்டி என்றும் அழைக்கப்பட்ட தொழிலாளர் வில்லதிர்த்துச் செய்தது இந்த மீட்பைத்தான். ஜெய்ப்பூர் ரஜாயின் புகழும் உறைக்கும் நிரப்பிக்கும் உள்ள இணக்கத்தில் பிறந்தது: நன்கு கொட்டிய மெல்லிய பஞ்சு, அதை அழுத்தாத மல்மல் போன்ற மெல்லுறை, பஞ்சு நகராதபடி நெருங்கிய தையல்.

பஞ்சு கனமானது, துவைக்க இயலாதது என்னும் மறுப்பு நியாயமானதே. துவைப்புக்கு விடையாகத்தான் ரஜாய்க்கு மேல் கிலாஃப் என்னும் கழற்றக்கூடிய உறை இடப்படுகிறது. கனத்துக்கு விடையில்லை, அதை ஏற்கலாமா என்பது அவரவர் உடலும் வாழிடமும் முடிவு செய்ய வேண்டியது. தூவியைத் தேர்பவருக்கு வேறொரு கடமை உண்டு. உயிருள்ள பறவையிலிருந்து பறிக்கப்படாத தூவி என்பதற்குச் சான்று கேட்பது அது.

எனினும் எந்த விலைச்சீட்டிலும் இடம்பெறாத ஓர் அளவுகோலை முன்வைத்தாக வேண்டும். மூன்றாம் குளிர்காலத்தில் அந்தப் போர்வையைச் செப்பனிட யார் இருக்கிறார்? பஞ்சு கொட்டுபவருக்கு வேலை தருவோர் குறையக் குறைய, பஞ்சு ரஜாயும் பாலியெஸ்டரைப் போலவே சில ஆண்டுகளில் குப்பையாகும். தெருமுனையில் துனியா இன்னும் இருக்கும் ஊரில், விடுதி மாணவருக்குப் பஞ்சே தக்க தேர்வு. ஆண்டுக்கொரு முறை அவரிடம் அதைக் கொண்டுசெல்வதும் அத்தேர்வின் ஒரு பகுதி.